ரேஞ்ச் வாசலில் கேட்கும் காகிதம்: பதிவுச் சான்று விதிகள் பற்றி ஒரு விமர்சனம்

அமெரிக்காவில் உள்ள துப்பாக்கி சுடும் தளங்களின் விதிப் பட்டியல்களைக் கொஞ்ச நாளாக வாசித்து வருகிறேன். அங்கே எல்லாரும் ரேஞ்ச் என்றுதான் சொல்கிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்குக் கவசம், குழல் எப்போதும் இலக்குப் பக்கமே இருக்கணும் என்ற வழக்கமான வரிகளுக்கு நடுவில் பல இடங்களில் இன்னொரு வரியும் இருக்கிறது. சைலன்சர், இயந்திரத் துப்பாக்கி, குட்டைக்குழல் ரைஃபிள் கொண்டுவருபவர்கள் அதன் பதிவுச் சான்றைக் கவுன்டரில் காட்ட வேண்டும். சில ரேஞ்சுகள் இதோடு "சட்டப்படி" என்று ஒரு வார்த்தையைச் சேர்த்துக்கொள்கின்றன. சில, நகல் எடுத்து வைத்துக்கொள்வோம் என்கின்றன. சான்று இல்லாவிட்டால் பொருளைப் பிடித்து வைப்போம் என்று எழுதியவையும் உண்டு.

மேலோட்டமாகப் பார்த்தா, இதுல என்ன தப்பு என்றுதான் தோன்றும். ஆபத்தான பொருள், பதிவு கட்டாயம், காகிதத்தைக் கேட்கிறார்கள், அவ்வளவுதானே? எனக்கும் காகிதம் கேட்பதில் பெரிய ஆட்சேபணை இல்லை. ரேஞ்ச் தனியார் இடம், தன் வாசலுக்கு நிபந்தனை போட அதற்கு உரிமை உண்டு. என் பிரச்சினை வேறு. இந்த விதிகளில் பெரும்பாலானவை சட்டம் சொல்லாததைச் சட்டத்தின் குரலில் சொல்கின்றன, சரிபார்க்க முடியாததைச் சரிபார்ப்பதாகக் காட்டிக்கொள்கின்றன, அதற்கான விலையை ஒழுங்காகப் பதிவு செய்தவர் தலையிலேயே கட்டுகின்றன. இந்த மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எந்தச் சட்டம், எந்தக் காகிதம்

இதற்கெல்லாம் மூலம் 1934-இல் வந்த தேசியத் துப்பாக்கிச் சட்டம், சுருக்கமாக என்.எஃப்.ஏ. மதுவிலக்குக் காலத்துக் கும்பல் சண்டைகளுக்குப் பதிலாக வந்தது. கைத்துப்பாக்கிகளையும் சேர்க்கத்தான் முதலில் திட்டம், வரைவு நிறைவேறுவதற்குள் அது நழுவிவிட்டது. மிஞ்சியவை இயந்திரத் துப்பாக்கி, குட்டைக்குழல் ரைஃபிள் (இன்றைய அளவில் 16 அங்குலத்துக்குக் குறைந்த குழல்), 18 அங்குலத்துக்குக் குறைந்த குழல் உள்ள ஷாட்கன், சைலன்சர், இன்னும் சில. நேரடியாகத் தடை செய்யாமல் வரிச் சட்டமாக எழுதினார்கள். ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் 200 டாலர் வரி. அன்றைக்கு ஒரு தாம்சன் துப்பாக்கியின் விலையே ஏறக்குறைய அவ்வளவுதான்.

இது வரிச் சட்டம் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1968-இல் ஹெயின்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டத்தின் பதிவு முறைக்கு ஒரு பெரிய அடி கொடுத்தது. பதிவில்லாத துப்பாக்கியை வைத்திருப்பவனை "வந்து பதிவு செய்" என்று சொல்வது, தன் வாயாலேயே தன் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொல்வதற்குச் சமம், ஐந்தாவது திருத்தம் அதை அனுமதிக்காது என்றது. அதே ஆண்டு நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி எழுதியது. இனிமேல் செய்பவரும் கைமாற்றுபவரும்தான் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவில் தருகிற தகவலை, அதற்கு முன் நடந்த அல்லது அதே நேரத்தில் நடந்த குற்றத்துக்குச் சாட்சியமாக அவர் மீதே பயன்படுத்தக் கூடாது. அதாவது இந்தப் பதிவேட்டை யார் பார்க்கலாம், எதற்குப் பார்க்கலாம் என்பதில் சட்டம் எழுதியவர்களே ரொம்ப ஜாக்கிரதையாக இருந்திருக்கிறார்கள்.

1986 மே 19-க்குப் பிறகு புதிதாகச் செய்த இயந்திரத் துப்பாக்கி எதையும் பொதுமக்கள் வைத்திருக்க முடியாது. அதனால் பழையவற்றின் விலை எங்கேயோ போய்விட்டது. சைலன்சர் கதை வேறு. 42 மாநிலங்களில் அதை வைத்துக்கொள்ளலாம், வைத்திருப்பவர்கள் எண்ணிக்கையும் கூடிக்கொண்டே போகிறது. எனவே கவுன்டரில் காகிதம் நீட்டுபவர்களில் பெரும்பாலோர் சைலன்சர்காரர்கள்தான், காது கெடக் கூடாதே என்று வாங்கியவர்கள்.

சட்டம் யாரிடம் காட்டச் சொல்கிறது

இந்த வரிச் சட்டத் தொகுப்பின் 5841-ஆம் பிரிவில் ஒரு சின்ன உட்பிரிவு. பதிவு செய்த துப்பாக்கியை வைத்திருப்பவர் பதிவுச் சான்றைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும், கேட்கும்போது அட்டர்னி ஜெனரலிடம் காட்ட வேண்டும். ஒழுங்குமுறை விதியில் இது ஏ.டி.எஃப். அதிகாரி என்று வருகிறது. ஏ.டி.எஃப். என்பது மது, புகையிலை, துப்பாக்கி, வெடிமருந்து ஆகிய நான்கையும் பார்க்கிற கூட்டரசு நிறுவனம்.

அவ்வளவுதான். ரேஞ்ச் உரிமையாளர் அந்த வரியில் இல்லை. கவுன்டரில் நிற்பவர் இல்லை. பக்கத்து லேனில் சுடுகிற ஆள் கண்டிப்பாக இல்லை. ரேஞ்சே துப்பாக்கி விற்கிற உரிமம் வைத்திருந்தாலும், வாடிக்கையாளர் தன் சொந்தப் பொருளோடு உள்ளே வரும்போது அதன் பதிவைச் சோதிக்கும் கடமை எதுவும் அந்த உரிமத்தோடு வருவதில்லை. பெட்ரோல் பங்க்கில் வண்டியை நிறுத்தினால் "ஆர்.சி. புக்கைக் காட்டுங்க, சட்டம் அப்படி" என்று பங்க்காரர் சொன்னால் எப்படி இருக்கும்? ஆர்.சி. இருக்கணும் என்பது சட்டம். பங்க்காரரிடம் காட்டணும் என்பது சட்டம் இல்லை. அவர் கேட்கலாம், பிடிக்காவிட்டால் நாம் அடுத்த பங்க்குக்குப் போகலாம். ஆனால் "சட்டம்" என்ற சொல்லை அவர் எடுக்கக் கூடாது.

இதற்காகக் காகிதத்தை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள் என்று நான் சொல்லவில்லை. மாநிலச் சட்டங்கள் இருக்கின்றன. உதாரணமாக டெக்சஸ் தண்டனைச் சட்டத்தில் இயந்திரத் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம், கூட்டரசுப் பதிவேட்டில் இருந்தால் மட்டும் விலக்கு. அந்த மாதிரி மாநிலத்தில் போலீஸ்காரர் வந்து கேட்டால், பையில் ஒரு நகல் இருப்பது இரண்டு நிமிடத்தில் விஷயத்தை முடித்துவிடும். நகல் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். அந்தப் புத்திசாலித்தனத்தை ரேஞ்ச் தன் சட்ட அதிகாரமாக மாற்றிக்கொள்வதுதான் இடிக்கிறது.

கவுன்டரில் இருப்பவர் எதைச் சரிபார்க்கிறார்?

இப்போது இரண்டாவது. காகிதத்தை வாங்கிப் பார்க்கிறார், தலையாட்டுகிறார். என்ன தெரிந்துகொண்டார்?

பதிவேடு ஏ.டி.எஃப். கையில் இருக்கிறது. வரிச் சட்டத்தின் கீழ் வரும் தகவல் என்பதால் அதை வெளியாருக்குத் தர முடியாது. எனவே ரேஞ்ச்காரர் போன் போட்டு "இந்த எண் இவர் பேரில் இருக்கா?" என்று கேட்க வழியே கிடையாது. இப்போது ஒப்புதல் பெரும்பாலும் மின்வடிவில் வருகிறது, வில்லையும் அந்தக் கோப்பில் அச்சான படம்தான். அதில் பேரையும் எண்ணையும் மாற்ற நினைப்பவனுக்கு அரை மணி நேர வேலை. பதிவில்லாத பொருள் வைத்திருப்பதற்கே பத்து வருஷம் வரை சிறை. அதற்குத் துணிந்தவன் ஒரு போலிக் காகிதத்துக்குத் தயங்குவான் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை.

போலியை விடுங்கள், உண்மையான காகிதமே கவுன்டரில் குழப்பும். நான்கு உதாரணம் சொல்கிறேன்.

ஒன்று, அறக்கட்டளை. பலர் இந்தப் பொருள்களைத் தனி ஆள் பேரில் வாங்காமல் குடும்ப டிரஸ்ட் பேரில் வாங்குகிறார்கள். அப்பா இறந்தால் பிள்ளைக்குச் சிக்கல் இல்லாமல் போகும், வீட்டில் இன்னொருவரும் சட்டப்படி வைத்துக்கொள்ளலாம். காகிதத்தில் டிரஸ்டின் பெயர்தான் இருக்கும். ஓட்டுநர் உரிமத்தில் இருக்கிற பெயரோடு அது பொருந்தாது. "இது உங்க பேர் இல்லையே" என்று ஆரம்பிக்கும்.

இரண்டு, சியர். சில இயந்திரத் துப்பாக்கிகளில் பதிவான பொருள் முழுத் துப்பாக்கி இல்லை, உள்ளே இருக்கிற விரல் அளவு உலோகத் துண்டு. பதிவு எண் அதன் மேல்தான் இருக்கும். துப்பாக்கியின் வெளிப்புறத்தில் இருக்கிற எண் வேறு. வெளியே பார்த்து ஒப்பிடுபவருக்கு எண் பொருந்தவே பொருந்தாது. கழற்றிக் காட்டச் சொன்னால், பாதுகாப்புக்காகப் போட்ட விதி, கவுன்டரில் துப்பாக்கியைப் பிரித்துப் பரப்பி வைப்பதில் போய் முடியும்.

மூன்று, குழலின் நீளம். 14.5 அங்குலக் குழலின் முனையில் ஒரு துணைக்கருவியை நிரந்தரமாகப் பற்றவைத்து 16-ஐத் தாண்டிவிட்டால், அது சாதாரண ரைஃபிள், பதிவே வேண்டாம். அதே தோற்றத்தில், தோளில் வைக்கும் கட்டை இல்லாத ஒன்று சட்டத்தின் கண்ணில் பிஸ்டல். கைத்தாங்கி பொருத்திய பிஸ்டல்களைக் குட்டைக்குழல் ரைஃபிளாகக் கருதும் விதியை ஏ.டி.எஃப். 2023-இல் கொண்டுவந்தது, 2024-இல் டெக்சஸ் கூட்டரசு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. வழக்கறிஞர்களே வருடக்கணக்கில் வாதாடிய கேள்விக்கு, மணிக்கூலிக்கு நிற்கிற இருபது வயசுப் பையன் ஒரு பார்வையில் பதில் சொல்ல வேண்டும் என்று இந்த விதி எதிர்பார்க்கிறது. அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவனை அங்கே நிறுத்தியவர்கள் மேல்தான்.

நான்கு, வில்லை. "200 டாலர் வரி வில்லை காட்டவும்" என்று எழுதியிருக்கிற விதி எப்போதுமே தவறுதான். சான்று என்பது ஒப்புதல் பெற்ற படிவம். வில்லை, வரி கட்டியதற்கு அடையாளம். இறந்தவரின் வாரிசுக்குப் போகும்போது வரி கிடையாது, அதற்குத் தனிப் படிவம். அப்பாவின் சைலன்சரை முறைப்படி தன் பேருக்கு மாற்றிய மகளிடம் 200 டாலர் வில்லை இருக்காது. அவரைத் திருப்பி அனுப்புகிற விதி யாரைப் பாதுகாக்கிறது? இப்போது நிலைமை இன்னும் மாறிவிட்டது. 2025 ஜூலை 4-இல் கையெழுத்தான சட்டத்தால், 2026 ஜனவரி 1 முதல் சைலன்சருக்கும் குட்டைக்குழல் துப்பாக்கிகளுக்கும் வரி பூஜ்யம். இயந்திரத் துப்பாக்கிக்கும் அழிவுச் சாதனங்களுக்கும் மட்டும் 200 தொடர்கிறது. பதிவு எல்லாவற்றுக்கும் அப்படியே இருக்கிறது. வரி போய்ப் பதிவு மட்டும் இருக்கிற இந்தக் காலத்தில், வில்லையைக் கேட்கும் பலகைகள் பழைய பஞ்சாங்கம்.

அந்தக் காகிதம் உரிமையாளருக்கு என்ன

ரேஞ்சுக்கு அது ஒரு நுழைவுச் சீட்டு மாதிரி. உரிமையாளருக்கு அப்படி இல்லை. அரசாங்கத்தின் பதிவேடே தப்பாக இருந்தால், சட்டப்படிதான் வைத்திருக்கிறேன் என்று சொல்ல அவரிடம் இருக்கிற ஒரே ஆதாரம் அதுதான்.

பதிவேடு தப்பாக இருக்குமா என்றால், இருக்கும். 2007-இல் நீதித்துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் இந்தப் பதிவேட்டைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. ஊழியர்கள் விண்ணப்பங்களைக் கையாள்வதிலும் பதிவிடுவதிலும் ஒரே சீரான முறை இல்லை, போதிய பயிற்சி இல்லை, அதனால் பிழைகள் வருகின்றன என்று அது சொன்னது. முப்பது வருஷத்துக்கு முன் தாத்தா பதிவு செய்த பொருளுக்கு அரசிடம் ஏடு காணாமல் போயிருந்தால், வீட்டுப் பெட்டியில் இருக்கிற மஞ்சளடித்த படிவம்தான் பேரனைக் காப்பாற்றும்.

அதனால்தான் "அசலைக் கொண்டுவாருங்கள், நகல் செல்லாது" என்று எழுதுகிற ரேஞ்சுகளைப் பார்த்தால் எனக்கு ஆத்திரமாக வருகிறது. வெயிலிலும் புழுதியிலும், காரின் பின்சீட்டிலும் கொண்டுதிரிய வேண்டிய காகிதமா அது? அசல் வங்கி லாக்கரில் இருக்க வேண்டியது.

நகல் எடுத்து வைப்பது இன்னொரு கூத்து. படிவத்தில் உரிமையாளரின் பெயர், வீட்டு விலாசம், புகைப்படம், பொருளின் வகை, எண் எல்லாம் இருக்கும். அமெரிக்கக் குடிமகன் இல்லையென்றால் குடியேற்றத் துறை கொடுத்த எண்ணும் இருக்கும். கிரீன் கார்டு வைத்திருக்கும் நண்பர் ஒருவர், தான் போகும் ரேஞ்சில் நகல் எடுத்ததைச் சொன்னார். "எடுத்து ஒரு பைண்டர்ல செருகிட்டாங்க. பைண்டர் கவுன்டர் மேலயே கிடக்குதுங்க. என் வீட்டு விலாசம், வீட்ல என்ன இருக்கு, என் ஏ-நம்பர், எல்லாம் அதுல. யார் புரட்டினாலும் தெரியும்" என்றார். திருடனுக்கு இதைவிட நல்ல பட்டியல் வேறு யார் எழுதித் தரப் போகிறார்கள்? அரசாங்கமே வெளியில் சொல்லக் கூடாத தகவலை, நுழைவுக் கட்டணமாக வாங்கி மேசை மேல் போட்டு வைக்கிறார்கள். வரி ரகசியம் அரசாங்கத்தைத்தான் கட்டுப்படுத்தும், ரேஞ்சை அல்ல. ஆனால் 1968-இல் சட்டம் எழுதியவர்களிடம் இருந்த ஜாக்கிரதையில் கால்பங்காவது இருந்திருக்கலாம்.

ரேஞ்சின் பயம்

ரேஞ்ச்காரர்கள் தரப்பையும் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். அவர்கள் பயம் மூன்று. நம் இடத்தில் பதிவில்லாத துப்பாக்கி பிடிபட்டால் நாமும் மாட்டுவோமா? காப்பீட்டுக்காரர் என்ன சொல்வார்? தானியங்கிச் சத்தம் கேட்டு அக்கம்பக்கத்தார் போலீசைக் கூப்பிட்டால் என்ன பதில் சொல்வது?

முதல் பயம் பெரும்பாலும் மிகை. 1994-இல் ஸ்டேப்பிள்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், துப்பாக்கியை வைத்திருந்தவருக்கே அதன் தன்மை, அதாவது அது தானாகச் சுடக்கூடியது என்பது, தெரிந்திருந்தது என அரசு நிரூபிக்க வேண்டும் என்றது. வைத்திருந்தவர் நிலையே இதுவென்றால், லேன் வாடகைக்கு விட்டவர் நிலை இன்னும் தூரம். குற்றத்துக்கு உடந்தை என்று சொல்லவும் அவருக்கு அது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் என்று 2014-இல் ரோஸ்மண்ட் வழக்கு சொல்கிறது. கண்ணெதிரே அப்பட்டமான கள்ளத் துப்பாக்கியைப் பார்த்தும் "சுடுப்பா" என்று விடுபவர் வேறு கதை. அவரைத் தடுக்கக் காகித விதி தேவையில்லை.

இங்கே ஒரு வேடிக்கையும் இருக்கிறது. பார்த்தால்தானே தெரியும்? ஒவ்வொரு காகிதத்தையும் வாங்கிப் பார்க்கிற ரேஞ்ச், "எனக்குத் தெரியாது" என்று சொல்லும் வாய்ப்பைத் தானே குறைத்துக்கொள்கிறது. பொருந்தாத எண்ணைப் பார்த்துவிட்டு உள்ளே விட்டதாக நாளைக்கு யாராவது சொல்லலாம்.

மற்ற இரண்டு பயமும் நிஜமானவை. காப்பீட்டு ஒப்பந்தத்தில் நிபந்தனை இருந்தால் ரேஞ்ச் அதை மீற முடியாது. போலீஸ் வந்தால் காட்ட ஒரு நகல் லேனில் இருப்பது எல்லாருக்கும் நல்லது. அப்படியானால் அதைத்தானே எழுத வேண்டும்? "எங்கள் காப்பீட்டு நிபந்தனை", "போலீஸ் வந்தால் எல்லாருக்கும் எளிது" என்று எழுதினால் யாருக்கும் கோபம் வராது.

பிடித்து வைக்கிறவர்கள்

கடைசியாக, "சான்று கொண்டுவரும் வரை பொருள் எங்களிடம் இருக்கும்" என்பவர்கள். இவர்கள் சட்டத்தையே வாசிக்கவில்லை. இந்தச் சட்டத்தில் கைமாற்றம் என்றால் விற்பது மட்டுமில்லை, அடகு வைப்பது, இரவல் கொடுப்பது, சும்மா கொடுப்பதும் கைமாற்றம்தான். தன் பேரில் பதிவாகாத பொருளை வைத்திருப்பது குற்றம். ஒழுங்காகப் பதிவான சைலன்சரை ரேஞ்ச் தன் அலமாரியில் பூட்டி, உரிமையாளரை வீட்டுக்கு அனுப்பிவிட்டால், அந்த நிமிஷம் பதிவில்லாமல் வைத்திருப்பவர் யார்? சட்டத்தைக் காக்கப் போய்ச் சட்டத்தை மீறும் ஒரே ஆள் ரேஞ்ச்காரர்தான்.

எப்படி எழுதலாம்

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போவது சரியில்லை. ஒரு ரேஞ்ச் என்னிடம் கேட்டால் இப்படித்தான் எழுதச் சொல்வேன்.

இது எங்கள் விதி, கூட்டரசுச் சட்டம் இல்லை என்று முதல் வரியிலேயே சொல்லுங்கள். நகல் போதும், போனில் இருக்கிற படமும் போதும் என்று சொல்லுங்கள். எண்ணும் ஒப்புதலும் தெரிந்தால் போதும், விலாசத்தையும் புகைப்படத்தையும் விரலால் மறைத்துக்கொள்ளலாம். பார்ப்போம், திருப்பித் தருவோம், எடுத்து வைக்க மாட்டோம். டிரஸ்ட் பெயர், வாரிசுப் படிவம், சியர் எண் இந்த மூன்றையும் ஊழியர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். ஒரு பக்கத் தாள் போதும். சான்று இல்லாவிட்டால் பொருளை அவர் பெட்டிக்குள்ளேயே வைத்து, வேறு துப்பாக்கியால் சுடச் சொல்லுங்கள், அல்லது கட்டணத்தைத் திருப்பிக் கொடுங்கள். அவர் பொருளைத் தொடாதீர்கள்.

இதெல்லாம் ஒரு பெரிய கொள்கைச் சண்டை இல்லை. துப்பாக்கிக் கட்டுப்பாடு கூடணுமா குறையணுமா என்பதில் எந்தப் பக்கம் நிற்பவரும் இதை ஏற்கலாம். பதிவு முறையே வேண்டும் என்பவர்களுக்குத்தான் இது இன்னும் முக்கியம் என்று நினைக்கிறேன். பதிவு செய்தவனுக்கு ஒவ்வொரு வாசலிலும் விசாரணை, பதிவே செய்யாதவன் ரேஞ்ச் பக்கமே வராமல் எங்கோ தோப்பில் சுடுகிறான் என்றால், பதிவு செய்வது நல்லது என்று அடுத்தவனிடம் எந்த முகத்தோடு சொல்வது?

வரி பூஜ்யமானதால் இனி சைலன்சரோடு வருபவர்கள் கூடுவார்கள், கவுன்டரில் வரிசையும் நீளும். பலகையை மாற்றி எழுத இதுதான் சமயம். அதுவரை நீங்கள் போகிற ரேஞ்சில் "சட்டப்படி" என்று எழுதியிருந்தால், எந்தப் பிரிவு என்று மரியாதையாக ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.